வராத கோடு

டிப்போவின் பின்பக்கம், டீசல் பம்புக்கு அருகில்
வெள்ளை வான் ஒன்று நின்றது.
லெஸ்டரில் நவம்பர். காலை ஐந்தரை. இன்னும் இருட்டு.
குலுக்கலில் என் பெயர் விழுந்ததாம்.
சீட்டு விழுந்தால் காசு வரும் என்றுதான்
இதுவரை நினைத்திருந்தேன்.

கழிப்பறைத் தண்ணீரில் நீலம் கலந்திருந்தார்கள்.
குழாயை டேப் சுற்றி அடைத்திருந்தார்கள்.
கதவுக்கு வெளியே தாதி
தொண்டையைக்கூடச் செருமாமல் நின்றாள்,
அது அவளுடைய மரியாதை.
சலத்தின் சூடு பார்க்கக்
கோப்பையின் பக்கத்தில் ஒட்டிய வெப்பமானி.
முப்பத்துநாலு. என்னுடையதுதான்.

படிவத்தில் ஒரு கட்டம்:
கடந்த பதினான்கு நாளில் எடுத்த மருந்துகள்.
பரசிற்றமோல் என்று எழுதினேன்.
அடுத்த வரியில் பேனையை வைத்தேன், எடுத்தேன்.
அந்தத் தாள் எந்தெந்த மேசைக்குப் போகுமோ.

தாதி அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.
ஆறு சன்னல். ஐந்தில் கோடு.
"கோடு வந்தால் ஒன்றும் இல்லை.
வராவிட்டால்தான் இருக்கிறது."

எனக்குத் தெரிந்த கோடு வேறு.
குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு
மூன்று நிமிடம், சில நாள் ஐந்து,
லைட்டுக்கு நேரே சரித்துப் பிடித்து
ஏழு வருடம் தேடிய கோடு.
அப்போதெல்லாம் வராவிட்டால் ஒன்றும் இல்லை.
அந்த ஒன்றும் இல்லாததற்குத்தான்
டொக்டர் இந்தக் குளிசையை எழுதினார்,
நாளுக்கு ஒன்று, சாப்பாட்டோடு.
மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன்.
வீட்டில் அதற்கு விற்றமின் என்று பெயர்.

ஒன்பது நாள் வேலை இல்லை.
ஒன்பது நாளும் நாலு நாற்பதுக்கு அலாரம்,
சீருடை, சாப்பாட்டுப் பெட்டி, "போட்டு வாறன்."
வேறு கம்பனி பஸ் ஒன்றில் ஏறிக்
கடைசி நிறுத்தம்வரை போய், திரும்பி, மறுபடி போய்.
வளைவு வரும்போதெல்லாம்
என் வலது கால் பிரேக்கை மிதித்தது,
வெறும் தரையை.

நாலாம் நாள் போனில் ஒரு டொக்டர்.
தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, இலவசம் என்றார்.
அவர் முடிக்கமுன் வேண்டாம் என்றேன்.
இந்த ஊரில் எனக்குத் தெரிந்து அந்த வேலைக்கு இரண்டே பேர்.
ஒருவர் வெள்ளிக்கிழமைகளில்
கோயிலில் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் போடுபவர்.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
ஆங்கிலத்தில் அது மூன்று அசை,
பஸ் நிறுத்தம் ஒன்றின் பெயர்போல வந்து விழுந்தது.
மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பித்தேன்.
"முதலே ஏன் எழுதவில்லை?"
லொறி ஒன்று கடந்து போகும்வரை பேசாமல் இருந்தேன்.
மறந்துபோனேன் என்றேன்.

எண்ணிப் பார்த்தால்
அட்டை சொன்ன பொய் ஒன்று.
என்னுடையவை நாலு.

பிறகு பெரிய ஆய்வுகூடத்தின் கடிதம்.
நெகற்றிவ். குறுக்கு வினையாம்:
என் குளிசையை வேறொரு மயக்கக் குளிசை என்று
அட்டை பிழையாக வாசித்துவிட்டதாம்.
எனக்கு அதில் அதிசயம் இல்லை.
திலகவதனியை டில்லி என்று கூப்பிடும் டிப்போ அது.

மனேஜர் ஸ்டூவர்ட் கை குலுக்கினார்.
எனக்கு முதலே தெரியும் என்றார்.
பிறகேன் ஒன்பது நாள் என்று கேட்க
வாய்வரை வந்தது.
பஸ் திறப்பு இன்னும் அவர் கையில் இருந்தது.

முதல் ட்ரிப். கண்ணாடியில் பனி.
மேல்தட்டில் ஒருவர், கீழே யாரும் இல்லை.
சிவப்பு விளக்கில் நின்றபோது
அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
மனச்சோர்வு.
துண்டுப்பிரசுரத்துச் சொல்,
யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.
இன்னொருமுறை, கொஞ்சம் சத்தமாக.

மேலே மணி அடித்தது.
நிறுத்தினேன். கதவைத் திறந்தேன்.
இறங்கியவர் நன்றி என்றார்.
இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுதான்.